நாற்றம் நின்ற ஊர்

மேடை ஏறிய அதிகாரி உட்காருவதற்கு முன்பே கைக்குட்டையை எடுத்து மூக்கைப் பொத்திக்கொண்டதைப் பார்த்ததும் அஞ்சலாட்சிக்கு முதலில் வந்தது கோபம்தான். பெரிய மனுஷன், காரில் ஏசி போட்டுக்கொண்டு வந்தவர், மாவட்டத்தில் கலெக்டருக்கு அடுத்தவர் என்று சொன்னார்கள், இருக்கட்டுமே, அதற்காக? பனையந்திட்டு சனங்கள் குளித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள். காலையில் குழாயடியில் பாதி ஊர் தலைக்கு ஊற்றிக்கொண்டது, பெண்கள் பெட்டியில் மடித்து வைத்திருந்த புடவையை எடுத்துக் கட்டினார்கள், மைக்கில் பேசப் போகிறோம், வீடியோ எடுக்கிறார்கள் என்று. இவர் என்னடாவென்றால் வந்ததும் வராததுமாக மூக்கைப் பொத்துகிறார். டீக்கடையில் இரண்டடி தள்ளி நின்றவர்கள், பஸ்ஸில் இவள் உட்கார்ந்ததும் எழுந்து போனவர்கள், மிச்சச் சில்லறையைக் கையில் வைக்காமல் மேலேயிருந்து போட்டவர்கள் என்று அவள் மனசுக்குள் ஒரு வரிசை உண்டு, பிறந்ததிலிருந்து நீண்டுகொண்டே வருகிற வரிசை. அதன் கடைசியில் இந்த அதிகாரியையும் கொண்டுபோய் நிறுத்தினாள். நிறுத்தியதும் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது, ஏனென்றால் தெரிந்த கோபம் அது, எங்கே தொடங்கி எங்கே முடியும் என்று தெரியும். பக்கத்து நாற்காலியில் ராஜகுமாரி. அடுத்த தெருக்காரி, வயதில் சின்னவள், வாய் மட்டும் பெரியது. “பாருக்கா அந்தாள. நம்ம என்னா குப்பையில பொரண்டுட்டா வந்துருக்கறம்?” என்றாள், மேடைக்குக் கேட்டால் கேட்கட்டும் என்றே. அஞ்சலாட்சி அவள் தொடையைக் கிள்ளினாள். “செத்த சும்மா இரு. வந்த வேல முடியட்டும்.” வந்த வேலை இதுதான்: ஊருக்கு மேற்கே இருக்கிற மருந்துக் கம்பெனி பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இரண்டாவது யூனிட் கட்டப் போகிறது. அதற்கு ஊர் என்ன சொல்கிறது என்று அரசாங்கம் கூட்டம் போட்டுக் கேட்கிறது, கேட்டதை வீடியோ பிடித்து மேலே அனுப்புகிறது. ஊர் சார்பில் கடைசியாகப் பேசப் போவது அஞ்சலாட்சி. பேசப் போவது ஒரே ஒரு வரி. நாற்றம் நின்றுவிட்டது, எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. அதைக் காலையிலிருந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தாள், ஆட்சேபணை என்கிற இடத்தில் மட்டும் நாக்கு புரண்டது.

மூக்குச் சங்கம் என்று அஞ்சலாட்சிக்கும் அவளோடு நாற்றத்தைக் கவனித்த பெண்களுக்கும் பேர் வைத்தது கேலிக்குத்தான். வைத்தது அவள் புருஷன் கலியமூர்த்தியேதான் என்று ஒரு பேச்சு உண்டு, அவன் சத்தியம் பண்ணி இல்லையென்பான். தெருவுக்கு ஒரு பெண், நாற்றம் மூக்கில் ஏறிய உடனே போனை எடுத்துப் பேசி வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும், என்ன நாற்றம், எந்தப் பக்கத்துக் காற்று, கண் எரிகிறதா, வயிற்றைப் புரட்டுகிறதா. காற்றை அளக்க மெஷின் வைக்க வக்கில்லாத ஊருக்கு மூக்குதானே மெஷின். நாற்றத்துக்கெல்லாம் பேர் இருந்தது. அழுகின முட்டை, செத்த எலி, பூண்டு, நகப்பாலிஷ். கனிந்து வெடித்த சப்போட்டா என்று ஒன்று, அதுதான் இருப்பதிலேயே மோசம், முதலில் நன்றாக இருக்கிற மாதிரி இருக்கும், இன்னும் கொஞ்சம் இழுக்கலாமா என்று தோன்றும், அப்புறம் நெஞ்சைப் பிடிக்கும். சங்கத்துக்கு ஒரே விதி, அது அஞ்சலாட்சி வைத்தது: உன் மூக்கு சொன்னதை மட்டும் சொல்லு. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள் என்று சொல்லாதே, நேற்று அடித்தது இன்றும் அடித்திருக்கும் என்று சொல்லாதே, கம்பெனிக்காரன் மேல் இருக்கிற ஆத்திரத்தில் சொல்லாதே. ஒரு தடவை மாசுக் கட்டுப்பாட்டு ஆபீஸிலிருந்து ஆய்வுக்கு ஆள் வந்தபோது, வயிற்றெரிச்சல், அன்றைக்குப் பார்த்துக் காற்று சுத்தமாக இருந்தது. அடிக்குதுன்னு சொல்லு, அடிக்குதுன்னு சொல்லு என்று ஊரே சாடை காட்டிக்கொண்டு நின்றது. “இப்ப அடிக்கல சார்” என்று சொல்லிவிட்டாள். கொஞ்ச காலம் யாரும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் அதற்கு அப்புறம்தான் அவள் போன் பண்ணினால் ஆபீஸில் எடுத்தார்கள். அஞ்சலாட்சி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றார்கள். அந்த வார்த்தையை அவள் நகை மாதிரி உள்ளே வைத்திருந்தாள், யாருக்கும் காட்டுவதில்லை. ஆறு வருஷமாக ஊர் சொல்லிக்கொண்டிருந்ததும் ஒரே வார்த்தைதான், முதலில் நாற்றத்தை நிறுத்து, அப்புறம் இரண்டாவது யூனிட்டைப் பற்றிப் பேசு. கம்பெனி புகையைக் கழுவுகிற கோபுரம் என்று ஒன்றைக் கொண்டுவந்து நட்டது. நட்டால் மட்டும் போதுமா என்று சிரித்தார்கள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே குரூப்பில் சத்தம் குறைந்தது. ஆடிக் காற்று முடிந்தது, நாற்றம் வரவில்லை. புரட்டாசி வந்தது, வரவில்லை. ஊர்க் கமிட்டித் தலைவர் தேவநாதன், வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறவர், லேசில் சிரிக்காத மனுஷன், பட்டறை வாசலில் பட்டாசு வெடித்தார். வீட்டுக்கு வீடு கேசரி போனது. அந்தக் கேசரியில் ஏலக்காயே இல்லை என்று ராஜகுமாரி குறை சொன்னதும் நினைவுக்கு வந்தது, போட்டேன் என்று கேசரி கிளறினவள் அழாத குறையாகச் சொன்னாள்.

மேடையில் யாரோ வாசித்துக்கொண்டிருந்தார்கள், இத்தனை கோடி முதலீடு, இத்தனை பேருக்கு வேலை. கல்யாண மண்டபம் அது, நேற்று முகூர்த்தம் முடிந்த மண்டபம், பின்திரையில் தெர்மக்கோலில் வெட்டி ஒட்டிய மணப்பெண் பேரைப் பாதிதான் உரித்திருந்தார்கள். ஏசி ஓடவில்லை. கம்பெனி ஆட்கள் சன்னலைத் திறக்க வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தார்கள், புழுக்கம் தாங்காமல் பனையந்திட்டுப் பையன்கள் எல்லாவற்றையும் திறந்துவிட்டார்கள். மேற்குச் சன்னல் வழியாகக் காற்று வந்தது. மேல்காற்று, கம்பெனிப் பக்கத்துக் காற்று என்று அவள் உடம்பு தன்னால் சொல்லிக்கொண்டது, ஆறு வருஷப் பழக்கம், காற்று எந்தப் பக்கம் என்று கழுத்துக்குப் பின்னால் இருக்கிற முடிக்குத் தெரியும். நல்ல காற்று. முகத்தில் பட்டதும் வியர்வை ஆறியது. அந்தக் காற்று உள்ளே வந்த அதே நேரத்தில்தான் அதிகாரி கைக்குட்டையை இரண்டாக மடித்து இன்னும் அழுத்திப் பிடித்துக்கொண்டார். பக்கவாட்டில் நின்ற பெண் போலீஸ் வெளியூர்க்காரி போல, பந்தோபஸ்துக்கு அனுப்பியிருந்தார்கள், மாஸ்க் போட்டிருந்தாள், அதற்கும் மேலே கையை வைத்துக்கொண்டாள். வீடியோக்காரப் பையன் சட்டைக் காலரை மூக்குவரை இழுத்து விட்டுக்கொண்டான். அஞ்சலாட்சி தன் வரிசையில் அந்தப் போலீஸ்காரியையும் நிறுத்தப் பார்த்தாள், கோபம் முன்னைப்போல வழுக்கிக்கொண்டு ஓடாமல் எங்கேயோ தட்டியது. மேடையின் மூலையில் நேற்றைய மாலைகள் மலையாகக் கிடந்தன. ரோஜா, சம்பங்கி, ஒரு ஆள் உயரத்துக்கு. பழுப்பேறிப் போய் ஈ மொய்த்தது. ஒரு ராத்திரி முழுக்கப் பூட்டின மண்டபத்தில் கிடந்த சம்பங்கி, வாசற்படி ஏறும்போதே மூஞ்சியில் அறைய வேண்டும். ஏறும்போது என்ன அடித்தது என்று யோசித்தாள். ஒன்றும் அடிக்கவில்லை. ஏசிப் பெட்டியில் வைத்த பூவாக இருக்கும், இப்போதெல்லாம் பூவுக்கு ஏது மணம், என்று உடனே ஒரு பதில் வந்தது. எவ்வளவு தயாராக வந்தது அந்தப் பதில். கேட்கும் முன்னாலேயே வரிசையில் நின்றுகொண்டிருந்த மாதிரி.

இப்போதெல்லாம் பூவுக்கு ஏது மணம். இதை யார் சொன்னது? ராஜகுமாரி சொன்னாள், பூக்காரியிடம் சண்டை போட்டுக்கொண்டு, தண்ணி அடிச்சி விக்கிற என்று. பூக்காரி பனையந்திட்டுக்காரிதான், தன் பூவைத் தானே முகர்ந்து பார்த்துவிட்டு, ஆமாங்கா, இந்த வருசம் மல்லி சரியில்ல, ஒரம் போடறானுங்க, என்றாள். மாவு மெஷின்காரன் மிளகாய்த்தூளில் எதையோ கலக்கிறான் என்று ஊரில் ஒரு பஞ்சாயத்து நடந்தது, அவன் பிள்ளை தலையில் அடித்துச் சத்தியம் பண்ணினான். காபித்தூள் முழுக்கப் புளியங்கொட்டை. ஊதுபத்தி வெறும் சாணி. சீயக்காய் வெறும் மண். கருவாடு விற்க வந்தவனைக்கூட, என்னடா இது வாசமே இல்லாத கருவாடு என்று விரட்டினார்கள். கருவாடு. அஞ்சலாட்சி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள். வாசமில்லாத கருவாடு என்று ஒன்று உண்டா உலகத்தில்? ஆனால் அன்றைக்கு அவளும் கூட நின்று சிரித்தாள், சரியாகச் சொன்னாய் என்றாள். ஊரே கலப்படத்தைப் பற்றிப் பேசியது, காலம் கெட்டுப்போச்சு என்றது, வியாபாரிகளைத் திட்டியது, யாருக்கும் ஒருநாளும் தோன்றவில்லையே. எனக்குத் தோன்றவில்லையே. மூக்குச் சங்கத்துத் தலைவி. இல்லை, இல்லை, வேண்டாத நினைப்பு இது, மைக்கில் பேச வேண்டிய பயம் இப்படி எதையாவது கிளப்பிவிடும், ஆட்சேபணை, ஆட்சேபணை, நாக்கைச் சுழற்றிப் பழகு. மேடையில் கம்பெனி மேனேஜர் பேசிக்கொண்டிருந்தார். அவர் மூக்கைப் பொத்தவில்லை. பார்த்தாயா, அவர் பொத்தவில்லையே. அவரும் வெளியூர்தான். நிம்மதியாக அவரையே பார்த்தாள். ஒவ்வொரு வாக்கியத்துக்கு நடுவிலும் அவர் வாயைக் கொஞ்சம் திறந்து வாயாலேயே மூச்சு எடுத்துக்கொண்டிருந்தார்.

மணிமேகலை வந்திருந்தாளே, தீபாவளிக்கு. விருத்தாசலத்தில் கட்டிக்கொடுத்த மகள், நாலு நாள் இருக்கிறேன் என்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தவள் மறுநாளே துணியை மடித்தாள். என்னடி என்றால் புள்ளைக்குச் சளி என்றாள். சளி இல்லை, தாய்க்குத் தெரியாதா. நடுக்கூடத்தில் நிறுத்தி உலுக்கிக் கேட்டதும் சொன்னாள், “எப்படிம்மா இருக்கீங்க இதுல? நாறுதும்மா. ஊடே நாறுது.” பெற்ற மகள். மாமியார் வீட்டில் டைல்ஸ் போட்ட கக்கூஸ் இருக்கிறது, அந்தக் கொழுப்பு. அஞ்சலாட்சி என்னென்னவோ சொன்னாள், இந்த ஊட்டுலதான்டி உன்னப் பெத்தன், இந்த நாத்தத்துலதான் சோறு தின்ன என்று. மகள் அழுதுகொண்டே பஸ் ஏறினாள். இன்னும் போன் பேசவில்லை. அவள் போனதும் கக்கூஸை, கூடத்தை, அடுப்படியை என்று ஒரு பாட்டில் பினாயிலையும் ஊற்றிக் கழுவினாள், ஆத்திரம் தீர. கழுவி முடித்து இடுப்பைப் பிடித்துக்கொண்டு நிமிர்ந்தபோது பினாயில் வாசமே வரவில்லை. கலப்படம் என்றாள் கலியமூர்த்தியிடம். அவனும் வந்து நின்று மூக்கை உறிஞ்சிப் பார்த்து, ஆமா, வெறுந்தண்ணி, என்றான். இரண்டு பேரும் ஈரத் தரையில் நின்று தலையாட்டிக்கொண்டார்கள். அந்தக் கூடம் இப்போது அவளுக்குள் தெரிந்தது, வெளியிலிருந்து பார்க்கிற மாதிரி, இரண்டு பேர் தலையாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், அவர்களைச் சுற்றி என்ன நிறைந்திருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது. அப்புறம் சிலிண்டர். மாற்றின வாரமே காலியானது, ஏஜென்சிக்காரன் எடை குறைத்துவிட்டான் என்று போய்ச் சண்டை போட்டாள். சண்டை போட்டுவிட்டு வந்து பார்த்தபோது அடுப்பின் ஒரு திருகு முக்கால்வாசி திறந்து கிடந்தது. முதல் நாள் மத்தியானம் அந்த அடுப்பிலிருந்து நாலடி தூரத்தில் பாயைப் போட்டு அவள் தூங்கியிருக்கிறாள். நல்ல தூக்கம். கனவு கூட வந்தது. எழுந்து விளக்கேற்ற நினைத்து, தீப்பெட்டி நமுத்துப்போய், சரி போகட்டும் என்று விட்டாள். நமுத்துப்போயிருக்காவிட்டால். மகள் சொன்னது வீட்டை இல்லை. மகள் சொன்னது கக்கூஸை இல்லை. அந்தப் பெண்ணைப் போய் என்னவெல்லாம் சொல்லிவிட்டேன், பாவி, பிள்ளைத்தாச்சி மாதிரி வாந்தி எடுத்தாளே கொல்லையில், அதைக்கூட நடிப்பு என்றேனே.

“ராஜகுமாரி, பையில தைலம் வச்சிருக்கியா?” வைத்திருப்பாள், தலைவலிக்காரி. சின்னப் பச்சைப் பாட்டில். அஞ்சலாட்சி விரலில் தொட்டு இரண்டு மூக்குத் துவாரத்தையும் ஒட்டி அப்பிக்கொண்டாள். இழுத்தாள். எரிந்தது. உள்ளே நெற்றிவரைக்கும் ஜிலுஜிலுவென்று ஏறியது, கண்ணில் நீர் கொட்டியது. எரிச்சல் இருந்தது, குளிர்ச்சி இருந்தது, வாசம் மட்டும் இல்லை. தைலத்துக்கு என்ன வாசம் என்று அவளுக்கு நன்றாக நினைவிருந்தது, நினைவில் இருக்கிற வாசத்தைக் கொண்டுவந்து அந்த எரிச்சலின் மேல் ஒட்டப் பார்த்தாள், அது ஒட்டாமல் நழுவியது. “இதும் டூப்ளிகேட்டுதாங்கா” என்றாள் ராஜகுமாரி அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, சர்வசாதாரணமாக. அஞ்சலாட்சி திரும்பி மண்டபத்தைப் பார்த்தாள். வரிசை வரிசையாகப் பனையந்திட்டு. தெரிந்த முகங்கள், எண்ணெய் வைத்து வாரின தலைகள், மடியில் பிள்ளைகள். மோர் கொடுத்துக்கொண்டு வந்தார்கள், வாங்கிக் குடித்தார்கள். கால்மேல் கால் போட்டுக்கொண்டு, காற்று வாங்கிக்கொண்டு, கொட்டாவி விட்டுக்கொண்டு. கொட்டாவி விட்டவன் வாயை எவ்வளவு அகலமாகத் திறந்து எவ்வளவு இழுத்தான். ஒருத்தர் முகத்திலும் ஒரு சுளிப்பு இல்லை. சுவரோரம் நின்றவர்கள், மேடையில் இருந்தவர்கள், போலீஸ்காரர்கள், தாலுகா ஆபீஸ் ஆட்கள், அவர்கள் கண்கள் மட்டும் துணிக்கு மேலே தெரிந்தன. அந்தக் கண்களில் இளக்காரம் இருக்கிறதா என்று தேடினாள். அவளுக்கு இளக்காரம் தெரியும், அதைத் தவறவிடவே மாட்டாள். இளக்காரம் இல்லை. அவர்கள் பனையந்திட்டுக்காரர்களை ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டவர்கள் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெருப்பில் உட்கார்ந்து மோர் குடிக்கிறவர்களை அப்படித்தான் பார்ப்பார்கள். கொஞ்ச நாள் முன்னே ஒரு பஸ் கண்டக்டர் ஊர் எல்லை வந்ததும் துண்டால் மூஞ்சியைச் சுற்றிக்கொண்டான், சாதித் திமிர் என்று பஸ்ஸை மறித்து மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். புது டீச்சர் வகுப்பில் கர்ச்சீப்போடு நிற்கிறாள், எங்க பிள்ளைங்க நாறுதா என்று மனுக் கொடுத்து அவளை மாற்ற வைத்தார்கள். மனுக் கொடுக்க முன்னால் போனது அஞ்சலாட்சி. அந்த டீச்சர் என்னவோ சொல்ல வந்தாள், கண்ணெல்லாம் சிவந்து, பிள்ளைகளைக் காட்டிக் காட்டி, யாரும் கேட்கவில்லை. சொன்னவர்களையெல்லாம் துரத்திவிட்டோம். ஒருத்தர் விடாமல்.

அவள் எழுந்து குனிந்தபடியே போய் முன் வரிசையில் இருந்த தேவநாதன் காதில் சொன்னாள். சொல்லும்போதே பைத்தியக்காரத்தனமாக இருந்தது, அண்ணே, நாத்தம் நிக்கல, நமக்குத்தான் மூக்கு நின்னுபோச்சு. தேவநாதன் அவள் பக்கம் திரும்பினார். “ஒனக்கு இப்ப அடிக்குதா?” “இல்லண்ணே.” “எனக்கும் அடிக்கல. யாருக்கு அடிக்குது?” “அடிக்காததுதாண்ணே பயமா இருக்குது.” அவர் முகம் ஒரு நொடி என்னவோ ஆனது, எதையோ நினைத்துக்கொண்ட மாதிரி, பட்டறையில் கருகியும் வாசம் வராமல்போன எதையாவது நினைத்திருக்கலாம். அப்புறம் அந்த நினைப்பை இழுத்து மூடிக்கொண்டார். “அஞ்சல, இந்த ஆறு வருசமும் நம்மள எதுக்கு மதிச்சானுங்க? பொய் சொல்ல மாட்டம்னுதான. அடிக்கலன்னா அடிக்கலன்னு சொல்லு. இப்ப போயி மாத்திப் பேசுனா, காசு கேக்குறாளுங்கம்பான். நாளைக்கு நெசமாவே அடிச்சாலும் ஒருத்தனும் வர மாட்டான்.” சரிதானே. அதுதானே அவளுடைய விதி. உன் மூக்கு சொன்னதை மட்டும் சொல்லு. அவள் மூக்கு என்ன சொல்கிறது? ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லவில்லை என்பதும், ஒன்றும் இல்லை என்று சொல்கிறது என்பதும் ஒன்றா? திரும்பி வந்து உட்கார்ந்தாள், அந்தக் கேள்வியிலேயே சுற்றிச் சுற்றி வந்தாள். அடிக்கிறது என்று சொன்னால் பொய். என்ன நாற்றம் என்று கேட்டால் என்ன சொல்வாள், முட்டையா, எலியா? அடிக்கவில்லை என்று சொன்னால் மெய், அந்த மெய்யை வைத்துப் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இன்னொன்றைக் கட்டுவார்கள், பிள்ளைகள் சன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு படிப்பார்கள், நல்ல காற்று என்பார்கள். கண் இல்லாதவன் இருட்டு என்று சொல்லலாமா? அவனுக்கு அது தெரியும், தனக்குக் கண் இல்லையென்று. மூக்கு போனதை யார் வந்து சொல்வது? வலிக்காது, ரத்தம் வராது, ஒருநாள் பூவுக்கு மணமில்லாமல் போகும், அவ்வளவுதான். இன்னும் என்னென்ன போயிருக்கிறதோ உள்ளே, சத்தமில்லாமல். மடியில் பேரப்பிள்ளையைத் தூக்கி உச்சி முகர்ந்தது ஞாபகம் வந்தது, பால் வாசம் அடித்தது என்று எல்லோரிடமும் சொன்னாளே, அடித்ததா? கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். காற்று நன்றாக வீசியது, மேற்கிலிருந்து, சில்லென்று, சன்னல் கம்பியில் யாரோ கட்டியிருந்த கல்யாண ரிப்பன் படபடவென்று அடித்துக்கொண்டது, மூச்சு விடாமல் இருக்கலாம் என்று கொஞ்ச நேரம் இருந்து பார்த்தாள், எவ்வளவு நேரம் இருக்க முடியும். விட்டுவிட்டு, இழுத்தாள். பாவி மூச்சு, எவ்வளவு இனிப்பாக இருக்கிறது.

“பனையந்திட்டு, அஞ்சலாட்சி” என்று மைக்கில் கூப்பிட்டார்கள். ஊர் கைதட்டியது. கால் அவளைக் கொண்டுபோனது, படி ஏறியது, மாலைக் குவியலைத் தாண்டும்போது ஈக்கள் ஒரு தரம் எழும்பி உட்கார்ந்தன. மேனேஜர் அவளைப் பார்த்து வணக்கம் வைத்தார். மைக்கைக் கையில் கொடுத்த பெண், தாலுகா ஆபீஸ்காரி, மூச்சை அடக்கிக்கொண்டு கொடுத்துவிட்டு விலகினாள். கீழே எல்லோரும் அவள் வாயைப் பார்த்தார்கள். தேவநாதன் தலையை மெல்ல ஆட்டினார், சொல்லு. அந்த ஒரு வரி வாய்வரைக்கும் வந்து நின்றது, ஆட்சேபணை இப்போது புரளாமல் நன்றாக வரும்போல இருந்தது. அவள் அதிகாரி பக்கம் திரும்பினாள். “அய்யா, ஒண்ணு கேக்கணும். நீங்க எதுக்கு மூக்கப் பொத்தியிருக்கீங்க?”

கீழே விசில் பறந்தது. “அப்படிக் கேளுக்கா!” என்று ராஜகுமாரி கத்தினாள். அவமானத்தைத் தட்டிக் கேட்டுவிட்டாள் என்று ஊரே எழுந்துகொண்டது. அதிகாரி பதறிப்போய்க் கைக்குட்டையை மேசைக்குக் கீழே இறக்கினார். “தப்பா எடுத்துக்காதீங்கம்மா, நான் அந்த அர்த்தத்துல இல்ல.”

“தப்பா எடுக்கலய்யா. அந்தத் துணிய கீழ வச்சிட்டு ஒரே ஒரு தரம் மூச்ச இழுத்து, என்னா அடிக்குதுன்னு இந்த மைக்குல சொல்லுங்க. எம் மூக்கு சொன்னத மட்டுந்தான் நான் சொல்லுவன். எம் மூக்கு செத்துப்போச்சுய்யா. எனக்கு அடுத்தாளு மூக்கு வேணும்.”

கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். மேனேஜர் எழுந்து, சார், இது நடைமுறையில இல்லை, என்றார். அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. மைக்கைப் பக்கத்தில் இழுத்தார். மூச்சை இழுக்கப் போனவர் பாதியிலேயே இருமினார், கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார், இருமல் ஸ்பீக்கரில் மண்டபம் முழுக்க அதிர்ந்தது. அடங்கினபிறகு அவர் அஞ்சலாட்சியை விட்டுவிட்டுக் கீழே உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்துக் கேட்டார், அதிகாரி மாதிரியே இல்லை, பக்கத்து வீட்டு ஆள் மாதிரி கேட்டார். “கார விட்டு எறங்கினதுலேர்ந்து கொடலப் புரட்டுதேம்மா. உங்க ஒருத்தருக்குமே வரலையா?”

ஒரு சத்தம் கேட்டது, அது என்னவென்று அஞ்சலாட்சிக்கு உடனே புரியவில்லை. மண்டபம் மொத்தமும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தது. நூற்றுக்கணக்கான பேர், கிழவர்கள், பெண்கள், மடியில் இருந்த பிள்ளைகள் பெரியவர்களைப் பார்த்து, முகத்தைத் தூக்கி, கண்ணை மூடி, இழுத்து, விட்டு, மறுபடியும் இழுத்து. பக்கத்தில் இருந்தவர்கள் முகத்தை ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். தேவநாதன் சட்டையை இழுத்து முகர்ந்தார், கையை முகர்ந்தார். ராஜகுமாரி தலையிலிருந்த மல்லிகைச் சரத்தைப் பிடுங்கி மூக்கில் வைத்துத் தேய்த்தாள், பூ உதிர உதிரத் தேய்த்தாள். பிறகு எழுந்து நின்று, “வருதுக்கா! எனக்கு வருது! டயரு எரியற வாசம்!” என்று கத்தினாள். “எனக்கும் வருது” என்றான் பின்னாலிருந்து ஒருவன், “மீன் மாதிரி.” “எனக்குந்தான், சுண்ணாம்பு மாதிரி வருது.” “பெட்ரோலு.” “சாணி, சாணிதான் அது.” எனக்கும், எனக்கும் என்று ஒவ்வொருத்தராக எழுந்து நின்று பயந்த குரலில் சொல்லிக்கொண்டே போனார்கள். அஞ்சலாட்சி மைக்கைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டு நின்றாள். ஒரே காற்றுதான், ஒருத்தர் சொன்னதை இன்னொருத்தர் சொல்லவில்லை.